ஒன்பது வீதத்தில் ஒரு மங்கள விளக்கு

விமானத்தின் எரிபொருள் தாங்கி வெடிக்காமல் இருப்பது நாட்டின் அபிவிருத்திக்கு இன்றியமையாதது என்பதை எல்லோரும் ஏற்றுக்கொள்வார்கள். குறிப்பாக, அந்த நேரத்தில் விமானத்துக்குள் இருப்பவர்கள் ஏற்றுக்கொள்வார்கள். இந்த உயரிய நோக்கத்தை முன்னிட்டு, திருகோணமலைத் துறைமுகத்தின் மறுகரையில், சீனன்குடாப் பக்கமாக, தகரம் போட்ட ஒரு நீளக் கட்டடத்தில் "எரிபொருள் தாங்கித் தீப்பற்றல் தடுப்புப் பரிசோதனை நிலையம்" இயங்கி வந்தது. பெயர்ப்பலகை கட்டடத்தைவிட நீளம். அதனால் கடைசி இரண்டு சொற்களும் மூலையில் மடிந்து பக்கத்துச் சுவரில் ஏறியிருந்தன. பஸ்ஸில் போகிறவர்களுக்கு "தீப்பற்றல்" மட்டும் கண்ணில் படும். அவர்கள் யன்னலை மூடிக்கொள்வார்கள்.

நிலையத்தின் வேலை இலகுவானது. நெருப்புக்கும் எங்களைப் போல மூச்சு வேண்டும். காற்றில் ஒட்சிசன் நூற்றுக்கு இருபத்தொரு வீதம் இருக்கிறது. அதில் நெருப்பு சந்தோசமாக வாழும். பழைய விமானமொன்றின் செட்டையிலிருந்து கழற்றிய எரிபொருள் தாங்கியை ஒரு பெரிய இரும்புப் பெட்டிக்குள் வைத்திருந்தார்கள். பெட்டிக்குள் நைதரசனை விட விட ஒட்சிசன் குறையும். பன்னிரண்டு வீதத்துக்குக் கீழே போய்விட்டால், தாங்கிக்குள் தீப்பொறி விழுந்தாலும் எண்ணெய் ஆவி பற்றாது. பெட்டிக்கு ஒரு கண்ணாடி யன்னல். அதன் கீழே சுவரோடு பொருத்திய இரண்டு நீள றப்பர் கையுறைகள். வெளியில் நின்றபடியே அவற்றுக்குள் கையை விட்டு உள்ளே வேலை செய்யலாம். பக்கத்தில் ஒட்சிசன் மானி. அவ்வளவுதான் நிலையம்.

ஒவ்வொரு நாளும் தொழினுட்ப உத்தியோகத்தர் ஆதிலா ஒட்சிசனை ஒன்பது வீதத்துக்கு இறக்கி, மூச்சைப் பிடித்துக்கொண்டு பொறியைத் தட்டுவாள். ஒன்றும் நடக்காது. "ஒன்றும் நடக்கவில்லை" என்று எழுதிவிட்டுச் சோற்றுப் பெட்டியைத் திறப்பாள்.

ஆதிலா குறிஞ்சாக்கேணிப் பிள்ளை. எங்கள் ஒழுங்கையில்தான் வீடு. பட்டம் பெற்றவள். நிலையம் தொடங்கிய நாளிலிருந்து அமைய அடிப்படையில் வேலை பார்க்கிறாள். அமைய அடிப்படை என்றால், "நாளைக்கு வரத் தேவையில்லை" என்று இன்று பின்னேரம் சொல்லலாம் என்று அர்த்தம். நிரந்தர நியமனம் வந்ததும் ஒழுங்கை முழுக்கத் தேங்காய்ப்பாலும் முட்டையும் சேர்த்து அவித்த வட்டலப்பம் கொடுப்பதாக அவளுடைய உம்மா பரீனா நேர்ந்திருந்தா. அதற்காகக் கித்துள் கருப்பட்டி வாங்கி வைத்தா. நியமனம் வரவில்லை; கருப்பட்டி கல்லாகிப் போனது. மறுபடி வாங்கினா. அதுவும் கல்லாகிப் போனது. பரீனா வீட்டு அலுமாரியின் மேல்தட்டில் கிடக்கும் கருப்பட்டியால் ஒரு சின்ன மதில் கட்டலாம்.

இப்படியிருக்கையில் தலைமையகத்திலிருந்து ஒரு கடிதம் வந்தது. அதைப் பணிப்பாளர் சோமசேகரம் எல்லோரையும் கூப்பிட்டு நிற்க வைத்து வாசித்தார்.

"மேற்படி நிலையத்தின் மாதாந்த முன்னேற்ற அறிக்கைகளைப் பரிசீலித்தபோது, அங்கு ஒன்றும் நடக்கவில்லை என்பதைத் தாங்களே மாதந்தோறும் எழுத்தில் ஒப்புக்கொண்டிருப்பது அவதானிக்கப்பட்டுள்ளது. ஒன்றும் நடக்காத நிலையமொன்றைத் தொடர்ந்தும் நடாத்துவதற்கான நியாயத்தைத் தெரிவிக்கவும். தவறின் நிலையம் மூடப்படும்."

சோமசேகரம் நல்ல மனிசன். யாருக்கும் கெடுதல் நினைக்க மாட்டார். நினைக்கிற வேலையையே அவர் அலுவலக நேரத்தில் செய்வதில்லை. எந்த வசனத்தையும் "அதாவது" என்று தொடங்கி, எதையும் விளக்காமல் முடிக்கக்கூடியவர்.

"அதாவது, மிஸ் ஆதிலா," என்றார். "நீங்கள் ஏன் ஒவ்வொரு மாசமும் ஒண்டும் நடக்கேல்லை எண்டு எழுதிறீங்கள்?"

"ஒண்டும் நடக்கல்ல சேர்."

"நடக்காட்டியும், நடந்த மாதிரி ஒரு வசனம் இருக்குத்தானே. 'நடவடிக்கை எடுக்கப்பட்டு வருகிறது' எண்டு ஒரு வசனம். அரசாங்கமே அதில தானே ஓடுது."

"சேர், ஏதாவது நடந்திருந்தா எழுதுறதுக்கு நான் இருந்திருக்க மாட்டேனே."

சோமசேகரம் இதை யோசிக்கவில்லை. அவர் வேறொன்றைக் கண்டுபிடித்துவிட்டார். நிலையம் இவ்வளவு காலம் இயங்கியும் அதற்கு ஒரு திறப்பு விழா நடக்கவில்லை. திறக்காத நிலையத்தில் என்ன நடக்கும்? ஒன்றும் நடக்காதுதான். ஆகவே குற்றம் ஒட்சிசனிலும் இல்லை, நைதரசனிலும் இல்லை. நாடா வெட்டாததில் இருக்கிறது. தலைமையகத்திலிருந்து மேலதிகச் செயலாளர் திருமதி சுலோஜனாவைப் பிரதம அதிதியாக அழைத்து, மங்கள விளக்கேற்றி, நிலையத்தைச் சம்பிரதாயபூர்வமாகத் திறப்பது என்று தீர்மானிக்கப்பட்டது. அழைப்பைத் தலைமையகம் உடனே ஏற்றுக்கொண்டது. அதோடு ஒரு வரியும் வந்தது: விழா திருப்தியாக அமைந்தால் நிலையம் தொடரும், மேலதிகச் செயலாளர் ஆதிலாவின் நிரந்தர நியமனக் கடிதத்தையும் கையோடு கொண்டுவருவார்.

ஆதிலா அன்று வீட்டுக்குப் போய் உம்மாவிடம் சொன்னாள். பரீனா எழும்பிக் கடைக்குப் போய்ப் புதுக் கருப்பட்டி வாங்கிக்கொண்டு வந்தா.

விளக்கை எங்கே ஏற்றுவது என்பதில்தான் சிக்கல் தொடங்கியது.

நிலையத்தின் வேலிக்குள் எவ்விதச் சுவாலைக்கும் இடமில்லை. இது சோமசேகரமே கையெழுத்து வைத்த கட்டளை. தேத்தண்ணிகூட வெளிக்கடையிலிருந்து சுடுதண்ணிப் போத்தலில்தான் வரும். இரவுக் காவலாளி நுளம்புத்திரி கொளுத்தக் கேட்டு அனுமதி மறுக்கப்பட்டு, டெங்குக் காய்ச்சலோடு ஆஸ்பத்திரியில் படுத்தவர். அப்படியிருக்க ஐந்து திரி போட்ட குத்துவிளக்கை வேலிக்குள் எரிய விட ஏலாது.

வேலிக்கு வெளியே ஏற்றலாமே என்றார் களஞ்சியப் பொறுப்பாளர் நஸ்ரி. நஸ்ரி எந்தப் பிரச்சினைக்கும் ஒரு சாமான் வாங்கினால் தீரும் என்று நம்புகிற மனிதர். கதைப்பது எப்போதும் சந்தையில் நின்று கூவுகிற மாதிரி இருக்கும்.

"அதாவது, வெளியில இருக்கிறது வேற திணைக்களத்தின்ர காணி," என்றார் சோமசேகரம். "அங்க விளக்கேத்தினால் அந்தக் காணிதான் திறக்கப்பட்டதா ஆகும். நாங்கள் மூடித்தான் கிடப்பம்."

இது எல்லோருக்கும் நியாயமாகப் பட்டது. அன்று முழுவதும் வேலியை அளந்தார்கள். மூலை மூலையாக நின்று பார்த்தார்கள். எங்கே நின்றாலும் எரிபொருள் தாங்கி கிட்டவாகவே இருந்தது. கடைசியில் சோமசேகரத்துக்குத்தான் ஞானம் பிறந்தது. இந்த வளவில் நெருப்பால் எந்த ஆபத்தும் வராது என்று விஞ்ஞான ரீதியாக நிரூபிக்கப்பட்ட இடம் ஒன்றே ஒன்றுதான் உண்டு. ஒன்பது வீத ஒட்சிசன் உள்ள அந்த இரும்புப் பெட்டி. அங்கே நெருப்பு யாருக்கும் ஒன்றும் செய்யாது. ஆகவே மங்கள விளக்கு பெட்டிக்குள், தாங்கிக்குப் பக்கத்தில் வைக்கப்படும். பிரதம அதிதி வெளியில் நின்று, றப்பர் கையுறைக்குள் கையை விட்டு ஏற்றி வைப்பார்.

ஆதிலா வாயைத் திறந்தாள். திறந்த வாயைப் பார்த்து சோமசேகரம், "பாராட்டுகளைப் பிறகு சொல்லுங்கோ," என்றுவிட்டுப் போனார்.

ஒத்திகை நடந்தது. கல்யாணச் சாமான் வாடகைக் கடையிலிருந்து உச்சியில் சேவல் நிற்கும் பித்தளை விளக்கை நஸ்ரி கொண்டுவந்தார். பெட்டிக்கு உயரம் போதாமல் சேவலைக் கழற்றி வெளியில் வைத்தார்கள். நஸ்ரி கையுறைக்குள் கையை விட்டு நெருப்புக்குச்சியை உரசினார். குச்சி "சீ" என்று ஒரு சத்தம் போட்டு, யாரோ அதன் வாயைப் பொத்தினது போலச் செத்துப்போனது. இரண்டாவது குச்சியும் அப்படியே. நெருப்புப்பெட்டி முடிந்தது. நஸ்ரிக்கு வேர்த்துக் கொட்டியது.

"எண்ணெய் சரியில்ல சேர்," என்றார். "இது கலப்பட எண்ணெய். நான் நல்ல எண்ணெய் ஒண்டு கொண்டு வாறேன்."

தேங்காயெண்ணெய் போய் நல்லெண்ணெய் வந்தது. நல்லெண்ணெய் போய் தம்பலகாமத்திலிருந்து எருமை நெய் வந்தது. திரி மாற்றப்பட்டது. கற்பூரம் வைக்கப்பட்டது. பிறகு மண்ணெண்ணெய். கடைசியில் நஸ்ரி தன் சொந்தப் பொறுப்பில் விமான எரிபொருளையே விளக்கில் ஊற்றினார். அதிலும் குச்சி "சீ" என்றுவிட்டு அணைந்தது.

ஆதிலாவுக்கு மட்டும் முகம் மலர்ந்தது. நிலையம் தொடங்கிய நாளிலிருந்து இவ்வளவு அழகான பரிசோதனை நடந்ததேயில்லை. ஆறு வகை எரிபொருள், ஒன்றும் பற்றவில்லை. ஓடிப்போய் எழுதினாள்: "ஒன்றும் நடக்கவில்லை."

சோமசேகரம் அதைப் பார்த்துவிட்டுக் கதிரையில் இருந்தார். உடனடியாக "விளக்கு எரியாமை தொடர்பான உபகுழு" அமைக்கப்பட்டது. உபகுழு தேத்தண்ணி குடித்தபடி கூடிக் கலைந்து, விளக்கு எரியாமைக்கு உடனடிக் காரணம் தீ பற்றாமையே என்று ஏகமனதாகக் கண்டறிந்தது.

அதன் பிறகுதான் ஆதிலாவைக் கேட்டார்கள்.

"விளக்குக்கு மூச்சில்ல சேர். ஒட்சிசன் ஒன்பது வீதத்தில நிக்கிது."

"அப்ப கொஞ்சம் குடுங்கோ. விளக்குக்கு எவ்வளவு வேணும்?"

"பதினாறு, பதினேழாவது வேணும்."

"தாங்கிக்கு?"

"பன்னிரண்டுக்குக் கீழ நிக்கோணும். மேல போனா ஆபத்து."

சோமசேகரம் இந்தப் பதவிக்கு வர முதல் ஊரில் காணிச் சண்டைகளைப் பேசித் தீர்த்துக்கொடுத்துப் பேர் எடுத்தவர். அந்தப் பழைய பிரகாசம் முகத்தில் வந்தது. "பிரச்சினையே இல்லை. பதினாலில வையுங்கோ. இரண்டு பகுதிக்கும் மனவருத்தம் இல்லாமல் முடிஞ்சுது."

"பதினாலில விளக்கும் எரியாது சேர். தாங்கியும் வெடிக்கலாம்."

"அதாவது, இரண்டு பேரும் கொஞ்சம் விட்டுக்குடுக்கத்தானே வேணும்."

ஆதிலா யாரோடு விட்டுக்கொடுப்பது என்று தெரியாமல் மானியைப் பார்த்தாள். மானியும் விட்டுக்கொடுக்கிற ஆள் இல்லை.

நஸ்ரி தன் பங்குக்கு மின்கலத்தில் எரியும் பிளாஸ்டிக் விளக்கொன்றைக் கொண்டுவந்து மேசையில் வைத்தார். இப்போது கல்யாண வீடுகளில் அதுதானாம் நாகரிகம். சுவாலை ஆடும், புகை வராது, சுவிச் ஒன்றைத் தட்டினால் உச்சியில் நிற்கும் சேவலும் கூவும். அதையும் சோமசேகரம் நிராகரித்தார். சுவிச்சைத் தட்டினால் அது விளக்கைப் போடுவது, ஏற்றுவது ஆகாது. விளக்கைப் போடுவதற்குக் கொழும்பிலிருந்து ஆள் வரத் தேவையில்லை.

விழாவுக்கு முதல் நாள் சோமசேகரம் ஆதிலாவைத் தனியே கூப்பிட்டார். காற்று வாங்கும் வால்வுக்குப் பக்கத்தில் அவள் நிற்க வேண்டும். பிரதம அதிதி குச்சியைக் கையில் எடுத்ததும் அவர் வெள்ளைக் கைக்குட்டையால் நெற்றியைத் துடைப்பார். அதுதான் சைகை. அவள் வால்வைத் திறந்து காற்றை உள்ளே விட வேண்டும். விளக்கு எரிந்ததும் படம் எடுப்பார்கள். பிறகு மூடலாம்.

"சேர், காத்தை விட்டா விளக்கு எரியும். அதோட கூரையும் போகும். நீங்க, நான், மேடம், படம் எடுக்கிற ஆள், எல்லாரும் துறைமுகத்துக்கு அங்கால போய் விழுவோம்."

"ஒரு நிமிசம்தானே, பிள்ளை." முதல் தடவையாக "மிஸ்" போய் "பிள்ளை" வந்திருந்தது. அவரும் பயந்துபோய்த்தான் இருந்தார். "நிலையத்தை மூடினால் எனக்கு ஓய்வூதியம் கிடக்கு. உங்களுக்கு என்ன கிடக்கு? உங்கட கடிதம் அந்த மனிசியின்ர கைப்பைக்குள்ள வருது. விளக்கு எரிஞ்சால்தான் பை திறக்கும்."

அன்று பின்னேரம் கிண்ணியாப் பாலத்தால் பஸ் போகும்போது ஆதிலா முழு வழியும் கடலையே பார்த்துக்கொண்டு போனாள் என்று பக்கத்தில் இருந்த எங்கள் ஒழுங்கைப் பஸ்னா சொன்னாள். வீட்டில் உம்மா நாளைய வட்டலப்பத்துக்குத் தேங்காய் திருவிக்கொண்டிருந்தா. முட்டைகள் சட்டிக்குள் அடுக்கியபடி இருந்தன.

விழா நாளன்று நல்ல வெயில். கட்டடம் தகரக் கூரை. வாசலில் மேளதாளம், மாலை, நான்கு சமயப் பெரியார்கள், குளிர்பானம், படம் எடுப்பவர், ஒலிவாங்கியோடு றிஸ்வி. றிஸ்வி நிலையத்தின் எழுதுவினைஞர். மிச்ச நேரத்தில் கல்யாண மண்டபங்களில் அறிவிப்பாளர். வீட்டில் "தண்ணி தா" என்று கேட்கிற மனிதர், ஒலிவாங்கியைக் கண்டதும் "தாகம் தணிக்கும் தண்ணீரினைத் தந்தருள்க" என்பார்.

சோமசேகரத்துக்கு வேர்த்தது. வெயில், பயம், கோட்டு மூன்றும் சேர்ந்து வேர்த்தது. மேலதிகச் செயலாளர் காரிலிருந்து இறங்கும்போதே அவர் கைக்குட்டையை எடுத்து நெற்றியைத் துடைத்தார். மாலை போடும்போது துடைத்தார். வரவேற்புரையில் வசனத்துக்கு ஒரு தடவை துடைத்தார். வால்வின் பக்கத்தில் நின்ற ஆதிலாவுக்கு அது சைகையா வேர்வையா என்று பிரிக்க முடியவில்லை. அப்படி ஒரு சைகைக்கு வால்வைத் திறப்பதென்றால் அன்று காலையிலிருந்து நிலையம் பதினைந்து தடவையாவது வெடித்திருக்கும்.

"இதோ," என்றார் றிஸ்வி, "எமது அழைப்பினை ஏற்று வருகை தந்திருக்கும் பெருமதிப்புக்குரிய பிரதம அதிதி அவர்கள், தமது பொற்கரங்களினால், மன்னிக்கவும், றப்பர்க் கரங்களினால், மங்கள விளக்கினை ஏற்றி வைக்கிறார்."

திருமதி சுலோஜனா கண்ணாடிக்கு முன்னால் நின்று இரண்டு கைகளையும் முழங்கை வரை உள்ளே விட்டார். மேளம் அடித்தது. குச்சி உரசியது. "சீ."

"ஏற்றி வைக்கிறார்," என்றார் றிஸ்வி.

இன்னொன்று. "சீ."

"ஏற்றி வைத்துக்கொண்டிருக்கிறார்."

மூன்றாவது. நான்காவது. "தொடர்ந்தும் ஏற்றி வைத்துக்கொண்டேயிருக்கிறார்," என்றார் றிஸ்வி, குரலில் நெய் வற்றிப்போய். மேளகாரர் எந்த இடத்தில் நிறுத்துவதென்று தெரியாமல் தாளத்தை இழுத்துக்கொண்டே போனார். சோமசேகரம் இப்போது இரண்டு கையாலும் கைக்குட்டையைப் பிடித்து முகம், கழுத்து, காது எல்லாம் துடைத்தார். கண்கள் ஆதிலாவைக் கெஞ்சின. நஸ்ரி வாய்க்குள் ஏதோ ஓதினார்.

ஆதிலா வால்வில் கை வைத்தாள். அவள் கண்ணுக்கு முன்னால் நின்றது தாங்கி அல்ல. சட்டிக்குள் அடுக்கிய முட்டைகள். பிறகு மானியில் நின்ற ஒன்பதைப் பார்த்தாள். கையை எடுத்து, முந்தானையில் துடைத்துவிட்டு, பிரதம அதிதிக்குப் பக்கத்தில் போய் நின்றாள்.

மேளம் நின்றுவிட்டது.

"என்ன, மிஸ்டர் சோமசேகரம்," என்றார் மேலதிகச் செயலாளர், கைகள் உள்ளேயே இருக்க. "இது ஏன் எரியேல்லை?"

"அதாவது, மேடம்..." கைக்குட்டை மறுபடி நெற்றிக்குப் போனது.

"எரியக் கூடாது மேடம்," என்றாள் ஆதிலா. "அதுக்குத்தான் இந்த நிலையம். உள்ள ஒட்சிசன் ஒன்பது வீதம். அந்தத் தாங்கிக்குள்ள எண்ணெய் ஆவி இருக்கு. இப்ப விளக்கு எரிஞ்சிருந்தா எங்கட வேலை பிழைச்சுப் போச்சு எண்டு அர்த்தம். நாங்களும் போயிருப்போம்."

"அப்ப ஒண்டும் நடக்காட்டி?"

"அது வெற்றி மேடம்."

"ஒவ்வொரு நாளும் ஒண்டும் நடக்காட்டி?"

"ஒவ்வொரு நாளும் வெற்றி."

திருமதி சுலோஜனா கண்ணாடிக்குள்ளே எரியாமல் நிற்கும் விளக்கைப் பார்த்தார். அவர் அரச சேவைக்கு வந்து முப்பது வருசம். அவர் கையால் திறந்த கட்டடங்கள், அவர் தலைமையில் கூடிய குழுக்கள், அவர் தொடக்கி வைத்த திட்டங்கள் எல்லாம் அந்த ஐந்து திரியிலும் வரிசையாகத் தெரிந்திருக்க வேண்டும். அவருடைய முகம் மெல்ல மெல்லப் பிரகாசித்தது. அந்த வளவுக்குள் அன்று பிரகாசித்தது அது ஒன்றுதான்.

"பிள்ளை," என்றார் தழுதழுத்த குரலில், "இதை எழுத்தில தர ஏலுமோ?"

பிறகு அவர் ஆற்றிய உரையை றிஸ்வி இன்றைக்கும் கண்ணை மூடிக்கொண்டு சொல்லிக் காட்டுவார். ஒன்றும் நடக்காமல் இருப்பது சோம்பல் என்று இவ்வளவு காலமும் பாமர மக்கள் தவறாக நினைத்துவிட்டார்கள். அது உயர்ந்த தொழினுட்பப் பாதுகாப்பு. அதை அடைய எத்தனை அதிகாரிகளின் அயராத ஒத்துழைப்பு வேண்டும் என்று கேட்டார். சபையில் இருந்த உத்தியோகத்தர்கள் எழும்பி நின்று கைதட்டினார்கள். தங்களை யாரோ முதல் முதலாக விளங்கிக்கொண்டதாக அவர்களுக்கு இருந்தது. நிலையம் மூடப்படாது என்று அதே இடத்தில் அறிவித்தார். சோமசேகரம் முகம் துடைத்தார். இந்தத் தடவை கண்ணீர்.

கடைசியாகக் கைப்பையைத் திறந்தார். நீளக் கடித உறையொன்று பாதிவரை வெளியே வந்தது. ஆதிலா ஒரு அடி முன்னே வைத்தாள். உறை அங்கேயே நின்றது.

"இல்லை," என்றார் மேலதிகச் செயலாளர், தனக்குள் ஏதோ பெரிய சோதனையை வென்றவராக. "இந்த மண்டபத்தில இண்டைக்கு ஒண்டும் நடக்கேல்லை. அந்தச் சாதனையை நானே என்ர கையால கெடுக்கக் கூடாது." உறை உள்ளே போனது. பை மூடியது. மேளம் அடித்தது.

அடுத்த வாரமே சுற்றுநிருபம் வந்தது. இனிமேல் சகல அலுவலகங்களும் "நடவாமைச் சுட்டி" ஒன்றைப் பேண வேண்டும். மாவட்டமே உசாரானது. இறக்கக்கண்டியில் மீனவர்கள் கேட்ட இறங்குதுறைக்கு அடிக்கல் நட்ட பிறகு ஒன்றுமே நடக்கவில்லை. அதற்கு வெள்ளிப் பதக்கம். தம்பலகாமத்து யானை வேலி தொடர்பிலும் ஒன்றும் நடக்கவில்லை; அதற்குத் தங்கப் பதக்கம். யானை நடந்தது உண்மைதான், வயலுக்குள்ளால் நடந்தது. ஆனால் அது வேறு திணைக்களம். எங்கேயாவது ஒரு இளம் உத்தியோகத்தர் தவறுதலாக ஒரு வேலையை முடித்துவிட்டால் அவரிடம் விளக்கம் கோரப்பட்டது.

திறப்பு விழாக்களின் முறையும் மாறியது. குத்துவிளக்கின் முன்னால் பிரதம அதிதி குச்சியை உரசுவார், பக்கத்தில் நிற்பவர் ஊதி அணைப்பார், சபை கைதட்டும். பட்டணத்தில் கல்யாணம் கட்டப் போகிற சோடிகள் சீனன்குடாவுக்கு வந்து, ஆளுக்கொரு றப்பர் கையுறைக்குள் கையை விட்டு, எரியாத விளக்குக்குப் பின்னால் சிரித்துக்கொண்டு படம் எடுத்தார்கள். நஸ்ரி அவர்களை வரிசையில் விட்டார். எங்கள் பள்ளிக்கூடத்திலும் இது பரவியது. தவணைப் பரீட்சையில் கணக்குப் பாடத்தில் என்ன நடந்தது என்று வீட்டில் கேட்டால், ஒன்றும் நடக்கவில்லை என்று நெஞ்சை நிமிர்த்திச் சொல்லலாம். சில தகப்பன்மார் கைகுலுக்கினார்கள்.

நிலையத்தில் ஆதிலாவின் வேலை கொஞ்சம் குறைந்தது. ஒரு நாள் அவள் வழமை போலப் பொறியைத் தட்டப் போனபோது சோமசேகரம் ஓடிவந்து தடுத்தார்.

"அதாவது, பிள்ளை, பரிசோதனை செய்தால் ஏதாவது நடக்க வாய்ப்பு இருக்கு. செய்யாட்டி, ஒண்டும் நடக்காதது நூறு வீதம் நிச்சயம். ஏன் வீணா எங்கட பெயரைக் கெடுப்பான்?"

மானியை நிற்பாட்டினார்கள். இப்போது பெட்டிக்குள் ஒட்சிசன் எத்தனை வீதம் என்று யாருக்கும் தெரியாது. விமானங்கள் மேலே போய்க்கொண்டுதான் இருக்கின்றன. குனிந்து பார்ப்பதில்லை.

போன வாரம் ஆதிலாவுக்குக் கடிதம் வந்தது. நீள உறை, இலச்சினை எல்லாம் இருந்தது. ஒழுங்கையே வாசலுக்கு வந்துவிட்டது. பரீனா முந்தானையில் கையைத் துடைத்துக்கொண்டு, மகளை வாசிக்கச் சொன்னா.

"தங்களது நிரந்தர நியமனம் தொடர்பில் இன்றுவரை எதுவும் நடைபெறவில்லை என்பதை மிக்க மகிழ்ச்சியுடன் அறியத்தருகின்றேன். இம்முன்மாதிரிச் சாதனை எதிர்காலத்திலும் தொடர்ந்து பேணப்படும் என உறுதியளிக்கின்றேன். தங்களுக்கு எனது மனமார்ந்த வாழ்த்துகள்."

ஆதிலா கடிதத்தை மடித்தாள். மறுபடி விரித்தாள். பிறகும் மடித்தாள்.

"என்ன மகள், நடந்திட்டா?" என்றா பரீனா.

"இல்ல உம்மா. நடக்கல்ல."

பிறகு பக்கத்து வீட்டு பக்கீர் காக்கா, சுற்றுநிருபத்தை முழுதாக வாசித்த ஒரே ஆள், முன்னுக்கு வந்து, "மாஷா அல்லாஹ்," என்றார். அவர் சொன்னதும் எல்லோரும் சொன்னோம். கைதட்டினோம். பரீனா ஆதிலாவின் முகத்தைப் பார்த்தா. எங்கள் முகங்களைப் பார்த்தா. எங்கள் முகங்கள்தான் அதிகமாக இருந்தன. குசினிக்குள் போய், அலுமாரித் தட்டிலிருந்து கருப்பட்டியை இறக்கினா.

வட்டலப்பம் நல்லாத்தான் இருந்தது. நான் இரண்டு கிண்ணம் சாப்பிட்டேன். ஆதிலா ஒரு கரண்டியும் தொடவில்லை. நாங்கள் ஏன் என்று கேட்கவும் இல்லை.